ஐந்தாம் கம்பத்தின் அளவு

மண்வெட்டிக்கும் எங்கள் ஊருக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை. பனி அள்ளும் தகரம் வீட்டுக்கு மூன்று இருக்கும். மண்ணை வெட்டுகிற மண்வெட்டி ஊருக்கே நாலுதான். அதிலும் இரண்டு, கல்லறை வெட்டும் ஐப்பிலியிடம் இருக்கிறது. ஒரு முழத்துக்குக் கீழே எங்கள் மண் கோடையிலும் உறைந்துதான் கிடக்கும். அதனால், தலைநகர் ஒட்டாவாவிலிருந்து வந்த முதல் கடிதத்தில் 'மண்வெட்டியை எடுத்த மறுநாளே தொடங்கத் தயாராக உள்ள திட்டங்களுக்கு மட்டும்' என்று படித்ததும் நான் ஐப்பிலிக்குத்தான் போன் செய்தேன். என் மனைவியின் அண்ணன் அவன்.

"மச்சான், கவர்மென்ட்டு உனக்குத்தான் லெட்டர் போட்டிருக்கு."

"எத்தன குழி வேணுமாம்?" என்றான்.

அன்று இருவரும் சிரித்தோம். நீங்களும் கொஞ்சம் சிரிக்கலாம், பதிவுக் கருவி ஓடினாலும் பரவாயில்லை. மூடுபனி விலகினால்தான் உங்கள் விமானம் கிளம்பும். அதுவரை எனக்கும் வேறு வேலையில்லை.

என் பெயர் லூக்காசி. வயது ஐம்பத்திரண்டு. எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பதினோரு வருடமாகப் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கோடையில் தெற்கிலிருந்து வரும் விஞ்ஞானிகளுக்குப் படுக்கை போடுவது, கரடி வந்தால் விரட்டுவது, கழிவுத் தொட்டி நிரம்பினால் ஆள் கூப்பிடுவது. குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை விரிகுடாவில் கைத்துளைப்பானால் பனியில் ஓட்டை போட்டு, எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதுவது. இதைத் தவிர அங்கே தினமும் அளக்கப்பட்ட ஒரே பொருள் கூரை ஒழுகும் தண்ணீர். அதற்கு இரண்டு வாளி வைத்திருந்தோம்.

உலகத்தின் பணச் சந்தைகள் கவிழ்ந்த சமயம் அது. எங்கோ நியூயார்க்கில் யாரோ வீட்டுக் கடனைத் திருப்பிக் கட்டவில்லை என்பதற்காக எங்கள் கூரையைச் சரிசெய்யப் பணம் வருகிறது என்றார்கள். எனக்கு அது புரியவில்லை. ஆனால் கூரைக்குப் புரிந்தால் போதும் என்று விண்ணப்பம் எழுதினேன். நாட்டுக்கு ஊக்கம் கொடுக்கும் பணமாம், வேகமாகச் செலவழிக்க வேண்டுமாம். இரண்டாவது வருடம் மார்ச் முப்பத்தொன்றுக்குள் எல்லாம் முடிந்து இயங்க வேண்டும். முடியாவிட்டால் பணம் திரும்பப் போகும், நிலையத்தை மூடிவிடுவார்கள். எங்களிடம் அப்போது பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். இந்த ஊரில் பன்னிரண்டு வேலை என்பது பன்னிரண்டு குடும்பம் இல்லை, பாதி ஊர்.

ஊருக்கு என்ன நன்மை என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதற்காகத்தான் கம்பங்களை யோசித்தேன். உறைந்த கடல் முடிந்து தண்ணீர் தொடங்கும் இடம்தான் பனி விளிம்பு; வேட்டைக்காரர்கள் அங்கே போகும் பாதையில் ஆறு கம்பங்கள். ஒவ்வொன்றின் பெட்டிக்குள்ளும் பனியின் கனத்தை அளக்கும் கருவி. அளவு நாள் முழுக்க நிலையத்துக்கு வந்துகொண்டே இருக்கும், தினமும் காலை எட்டு மணிக்கு நான் உள்ளூர் வானொலியில் வாசிப்பேன். யாரும் பனிக்குள் விழ மாட்டார்கள். உயிர் காக்கும் திட்டம். இதை நான் மனதாரத்தான் எழுதினேன், இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கூரை வந்தது. புது மின்னாக்கி வந்தது. ஊரிலேயே உயரமான வானொலிக் கோபுரம் வந்தது. செப்டம்பர் கப்பலில் ஆறு கம்பங்களும் ஆறு காலிப் பெட்டிகளும் வந்தன. கருவிகள் இருந்த மரப்பெட்டி மட்டும் வரவில்லை. வடக்கே இரண்டு நாள் தூரத்து ஊரில் தவறுதலாக இறக்கிவிட்டார்கள். அங்கே போன் செய்தேன்.

"ஆமாண்ணே, கரையில ஒரு பெட்டி நிக்குது. அது மேல நாயைக் கட்டி வச்சிருக்கோம். நல்ல பெட்டி. அடுத்த கப்பல்ல அனுப்பிடறோம்."

அடுத்த கப்பல் என்றால் அடுத்த கோடை. கருவிகளுக்குள் இருக்கும் மின்கலங்களை விமானத்தில் ஏற்றவும் மாட்டார்கள்.

தெற்கில் எங்கள் கோப்பைப் பார்த்துக்கொண்டவர் மார்லீன் என்ற பெண். நல்ல மனுஷி, அவருக்கு எதுவும் தெரியாது, அவரை இதில் இழுக்காதீர்கள். நவம்பரில் போன் செய்தார். "கம்பம் எல்லாம் நட்டாச்சா லூக்காசி?" நட்டாச்சு என்றேன். அது உண்மை. "இயங்குதா?" என்றார். அவரிடம் இருந்த படிவத்தில் இரண்டு கட்டம்தான்: இயங்குகிறது, இயங்கவில்லை. 'நாய் கட்டியிருக்கிறது' என்று மூன்றாவது கட்டம் இல்லை. இயங்குது என்றேன். "ரொம்ப சந்தோஷம். அப்ப தினசரி அளவ அனுப்பிடுங்க" என்றார்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் ஐந்து வாரம் நான் அனுப்பிய அளவுகள் அத்தனையும் உண்மை. பனிவண்டியை எடுத்துக்கொண்டு ஆறு கம்பத்துக்கும் போய், கைத்துளைப்பானால் ஓட்டை போட்டு அளந்தேன். கருவி செய்ய வேண்டியதை ஐம்பத்திரண்டு வயது ஆள் செய்தான், அவ்வளவுதான் வித்தியாசம். காற்றில் காலிப் பெட்டிகள் மத்தளம் மாதிரி சத்தம் போட்டதால் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய காபி டின்னில் கூழாங்கல் நிரப்பி வைத்தேன். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

டிசம்பர் கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று கம்பம் அளந்தேன், மூன்றை ஊகித்தேன். ஜனவரியில் ஒன்றை அளந்தேன். பிறகு நோட்டு போதும் என்று தெரிந்தது. பதினோரு வருட நோட்டு இருக்கிறது, வெளியே குளிர் எவ்வளவு என்று தெரியும். பனி தினமும் எவ்வளவு வளரும் என்று கணக்குப் போடத் தெரியாதவன் இல்லை நான். வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். நம்புங்கள், பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒரு வாரம் நாலாம் கம்பத்தைப் பழுதாக்கினேன். இயந்திரம் என்றால் பழுதாக வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். இரண்டு நாள் கழித்துச் சரியாகிவிட்டது என்று அறிவித்தேன். கூட்டுறவுக் கடையில் நாலு பேர் என் தோளைத் தட்டினார்கள்: "அந்தக் குளிர்ல போய் ரிப்பேர் பண்ணியிருக்கியே, பெரிய ஆளுய்யா நீ." கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் பிடித்தும் இருந்தது.

இப்போது கப்பிக்.

கப்பிக்குக்கு முப்பத்தொரு வயது. என் அப்பா. அப்படிப் பார்க்காதீர்கள், தெற்கிலிருந்து வந்தாலும் இதற்குள் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். என் அப்பா இறந்த வசந்தத்தில் பிறந்தவர் அவர், அப்பாவின் பெயரை அவருக்கு வைத்தார்கள். பெயர் போன இடத்துக்கு உறவும் போகும். தொட்டிலில் கிடந்தபோதே நான் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டேன். பேசத் தொடங்கியதும் அவர் என்னை மகனே என்றார். ஐந்து வயதில் என் வீட்டுக்கு வந்து, 'மகனே, பிஸ்கட் குடு' என்று அதட்டுவார். கொடுத்துவிடுவேன். அப்பாவிடம் எப்படி மாட்டேன் என்பது? அவர் மனைவி ரீப்பாவுக்கு இருபத்தொன்பது வயது. அவளும் என்னை மகனே என்பாள், பாதி கிண்டலாக, பாதி முறையாக.

எங்கள் ஆட்கள் பனியைப் பற்றிக் கேட்டால் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டார்கள். 'யாருக்குத் தெரியும்' என்பார்கள். நாற்பது வருடம் அதன் மேல் நடந்தவனும் யாருக்குத் தெரியும் என்றுதான் சொல்வான். சொல்லிவிட்டு ஈட்டியால் மூன்று தடவை குத்திப் பார்ப்பான். மூன்று குத்தில் தண்ணீர் வராவிட்டால் நடப்பான். கப்பிக்கும் முதலில் அப்படித்தான். வானொலியில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, கம்பத்தடியில் குத்தி, ஓட்டை போட்டு அளந்து, கடையில் வந்து என்னை வம்புக்கு இழுப்பார்.

"மகனே, உன் மெஷின் ரெண்டு சென்டிமீட்டர் தப்பு."

"உங்க கை நடுங்கியிருக்கும்பா. வயசாகுதில்ல."

"எனக்கா வயசாச்சு? உன் தலையப் பாரு, முன்னால பனி விளிம்பு மாதிரி பின்வாங்கிட்டே போகுது."

கடையே சிரித்தது. நானும்தான். பதினான்கு தடவை அவர் சரிபார்த்தார். பதினான்கு தடவையும் என் கணக்கு கிட்டத்தட்டச் சரி. பிப்ரவரியில் ஒருநாள், "இனிமே குத்தறதில்லப்பா, என் மகன் சொன்னா போதும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஈட்டி, பனிவண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சறுக்குவண்டியில் சாமான்களுக்கு அடியில் போய்விட்டது. அந்த வார்த்தைக்காக நான் வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். என்னுடைய பழைய அப்பா என்னைப் பற்றி அப்படி எதுவும் சொன்னதில்லை.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். மார்ச் முப்பத்தொன்றுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி ஒட்டாவாவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். மார்லீனும் வந்தார். மறுநாள் திறப்பு விழா. விருந்துக்குப் புது சீல் இறைச்சி இல்லாமல் எப்படி? கப்பிக்கிடம் கேட்டது நான்தான். "நாளைக்கு நாலு வெள்ளைக்காரங்க சாப்பிடணும்பா." "அவங்க ஆளுக்கு ஒரு துண்டுதான் சாப்பிடுவாங்க, மீதி எனக்கு" என்று கிளம்பினார்.

பதினொன்றரை மணி இருக்கும். விருந்தினர்களுக்கு வானொலி அறையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே, கரை கடலுக்குள் நீளும் முனைப் பக்கம் பார்த்தேன். மேகத்தின் அடிவயிற்றில் கருப்பாக ஒரு திட்டு. கீழே திறந்த தண்ணீர் இருந்தால்தான் மேகம் அப்படிக் கருக்கும். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மூன்று நாளாகப் பெரிய கடலேற்றம். முனையருகே நீரோட்டம் அடியிலிருந்து பனியைத் தின்னும். ஐந்தாம் கம்பம் முனையருகே இருக்கிறது. அந்த நேரத்தில்தான் ரேடியோவில் அவர் குரல் வந்தது.

"மகனே, இங்க பனி கொஞ்சம் நெறம் மாறின மாதிரி இருக்கு. அஞ்சாம் கம்பம் என்ன சொல்லுது?"

மார்லீன் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் புகைப்படக் கருவியைத் தூக்கினார். இதைவிட நல்ல செயல்விளக்கம் திட்டம் போட்டாலும் அமையாது.

காலையில் நான் எழுதிய தாள் மேசையில் இருந்தது. அதைப் பார்த்துப் படித்தேன். "நூத்தி இருபத்தெட்டு சென்டிமீட்டர், அப்பா."

"சரி மகனே."

யாரோ கைதட்டினார்கள்.

நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். தாளில் நூற்று இருபத்தெட்டு என்று இருந்தது, படித்தேன். 'யாருக்குத் தெரியும்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் இறங்கி ஈட்டியைத் தேடியிருப்பார், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயந்திரம் அப்படிப் பேசாதே.

மாலை ஐந்து மணியாகியும் அவர் வரவில்லை. தேடும் குழுவுக்குத் தலைவனும் ஐப்பிலிதான். எங்கள் ஊரில் ஒரே ஆள் எல்லா வேலையும் பார்ப்பான். வரைபடத்தை என் புது மேசையில் விரித்தான்.

"மச்சான், அவன் கேட்டப்புறம் அஞ்சாம் கம்பம் ஏதாச்சும் மாறிச்சா?"

"இல்ல. நூத்தி இருபத்தெட்டு. இப்ப இருபத்தொம்பது."

"அப்ப முனையில விழல. வண்டி எங்கயோ நின்னுருக்கணும். விளிம்புல சீல் கிடைக்காம மான் பாக்கப் போயிட்டானோ? பள்ளத்தாக்குப் பக்கம்?"

"இருக்கலாம்" என்றேன்.

பதினெட்டுப் பேர் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். நல்ல ஆட்கள், மிக நன்றாகத் தேடினார்கள். நான் அவர்களைப் பள்ளத்தாக்குக்குப் போகச் சொல்லவில்லை. ஐப்பிலி சொன்னதை மறுக்கவில்லை, அவ்வளவே. எங்கள் வழக்கத்தில் ஒருவன் முடிவெடுத்த பிறகு எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை.

மறுநாள் விழாவைச் சுருக்கமாக வைத்துக்கொண்டோம். காணாமல் போனவருக்காக ஒரு ஜெபம், பிறகு நாடா வெட்டு. புது சீல் இல்லாததால் உறைந்த மீனை வெட்டி வைத்தோம். மார்லீன் என் கையைப் பிடித்து, "உங்க கம்பம் இருக்கறதால தேடுற எடமாவது கொறஞ்சது, இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் காலை ஐப்பிலி தானாகவே முனைக்குப் போனான். யாரிடமும் கேட்கவில்லை. ஐந்தாம் கம்பம் சாய்ந்து, பாதி தண்ணீரில் நின்றதாம். அதற்கு இருநூறு அடி தள்ளி, கெட்டியான பனியில், கத்தியால் வெட்டி அடுக்கிய ஒரு சின்னப் பனிச்சுவர். கப்பிக் அதற்குப் பின்னால் இருந்தார். பனிவண்டி தண்ணீருக்குள் போய்விட்டது. சறுக்குவண்டி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது, ஈட்டி அதிலேயே கட்டியபடி. தண்ணீரிலிருந்து அவர் தானாகவே ஏறி வந்திருக்கிறார். செவிலி பார்த்துவிட்டு, இறந்து அரை நாள்தான் ஆகியிருக்கும் என்றாள். நனைந்த உடம்போடு ஒன்றரை நாள். பலமான ஆள்.

அன்றே கம்பம் பெட்டியோடு தண்ணீருக்குள் மூழ்கியதால் அதைத் திறந்து பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. மார்ச் முப்பத்தொன்று வந்து போனது. அறிக்கையில் 'ஒரு கம்பம் இயற்கைச் சீற்றத்தால் சேதம்' என்று எழுதினேன். மற்றதெல்லாம் இயங்குகிறது.

ஜூன் மாதம் ரீப்பாவின் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. கப்பிக் என்று பெயர் வைத்தார்கள். துணியில் சுற்றி என் வீட்டுக்கே கொண்டுவந்து, "உங்கப்பா திரும்ப வந்துட்டாரு, வாங்கிக்க" என்று மடியில் வைத்தார்கள். ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். எதுவும் தோன்றவில்லை. குழந்தை கனமாக இருந்தது. நாலு கிலோ இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

போன வாரம் கப்பல் வந்தது. கப்பல் வந்தால் ஊரே கரையில்தான் நிற்கும். யாருக்கு என்ன வந்தது என்பதுதான் எங்கள் திருவிழா. கூட்டுறவுக் கடை சார்பில் சாமான்களைச் சரிபார்த்தது ரீப்பா. அந்த மரப்பெட்டியும் இறங்கியது. பக்கத்தில் பெரிய எழுத்தில் என் பெயர், நிலையத்தின் பெயர், 'பனி அளவுக் கருவிகள், ஆறு' என்று எழுதியிருந்தது. நாய் கட்டிய தடம் கூட இருந்தது. நூறு பேர் பார்த்தார்கள். ஐப்பிலி எழுத்தைப் படித்தான், என்னைப் பார்த்தான், கையுறையைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான், போய்விட்டான். எங்கள் ஆட்கள் யாரையும் நாலு பேர் முன்னால் வெட்கப்பட வைக்க மாட்டார்கள்.

ரீப்பா மட்டும் காகிதத்தை நீட்டினாள்.

"மகனே, உன் பெட்டி வந்திருக்கு. கையெழுத்துப் போடு."

போட்டேன். வீட்டுக்குப் போய் உங்கள் விசாரணை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வேறு யாரும் புகார் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்க மாட்டார்கள்.

காலையில் நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கைரேடியோ அவர் சட்டைக்குள், மார்போடு ஒட்டி இருந்ததாம். உறையாமல் சூடு கொடுத்து வைத்திருந்தார். கூப்பிட்டிருப்பாரே, ஏன் யாருக்கும் கேட்கவில்லை என்றீர்கள். அந்தக் குளிரில் மின்கலம் செத்துப்போயிருக்கும் என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

அவ்வளவு தூரத்திலிருந்து வரும் கைரேடியோ ஊர் வீடுகளில் கேட்காது. பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு நடுவில் மலை. எங்கள் புதுக் கோபுரத்துக்கு மட்டும் கேட்கும். அந்தப் பணத்தில் நாங்கள் வாங்கியதிலேயே மிகச் சிறந்த பொருள் அதுதான். விழா நாளன்று மதியம், நாடா வெட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், கத்தரிக்குப் பதிலாக எங்கள் பெண்களின் வளைந்த கத்தியை எடுக்க வானொலி அறைக்குப் போனேன். அப்போது கூப்பிட்டார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"மகனே. முனையில இருக்கேன். கம்பத்துக்குப் பக்கத்துல."

மூன்று தடவை சொன்னார். நான் கத்தியை எடுத்துக்கொண்டேன். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன், அணைக்கவில்லை, குறைத்தேன். அடுத்த அறையில் விருந்தினர்கள் இருந்தார்கள். உயிரோடு வந்தால் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார், எல்லார் முன்னாலும் கேட்க நேரும், பிறகு அதற்காக அவரே வருத்தப்படுவார். அவரை எனக்குத் தெரியும். பெற்ற மகனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க எங்கப்பா ஒருநாளும் விரும்பியிருக்க மாட்டார்.